நின்றால் எரியும்

சம்பா நடவுக்குச் சேறடிக்கும் பருவம் நெருங்கினால் காரைக்கால் வட்டாரத்து வெல்டிங் பட்டறைகளில் டிராக்டரின் கேஜ் வீல்கள் வந்து சாய ஆரம்பிக்கும். போன பருவம் முழுக்கச் சேற்றில் புரண்டவை. பட்டை வளைந்திருக்கும், பற்றவைத்த இடம் விட்டிருக்கும், விளிம்பு துருவேறியிருக்கும். திருநள்ளாற்றுப் பக்கம் வயல் சூழ்ந்த சுரக்குடியில் பட்டறை வைத்திருப்பவரானாலும் சரி, கடலோரம் படகு பழுதுபார்ப்பவரானாலும் சரி, கையை விட்டு இறங்காத சாமான் ஒன்று உண்டு: நாலு இஞ்ச் கிரைண்டிங் மிஷின். சுவிட்சைத் தள்ளியதும் உள்ளங்கையில் ஒரு வெட்டு வெட்டித் திமிறும். அடுத்த நொடி காதைத் துளைக்கும் கீச்சொலி. இரும்பில் வைத்து அழுத்தினால் சத்தம் இறங்கும், பொறி பறக்கும். எடுத்தால் சத்தம் பழையபடி ஏறிக்கொள்ளும்.

கை உணரும் அந்தத் திமிறல், சத்தத்தின் ஏற்ற இறக்கம், என்றாவது ஒருநாள் வரும் கருகல் வாடை எல்லாமே உள்ளே சுற்றும் ஒரே ஒரு தண்டின் குணம். புத்தகத்தில் அதற்கு ரோட்டார் என்று பெயர்; பட்டறையில் ஆர்மேச்சர்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். நாலு இஞ்ச் மிஷினின் எடை இரண்டு கிலோவுக்குள்தான். பெயர்ப்பலகையில் 600 முதல் 850 வாட் வரை போட்டிருப்பார்கள். அது உள்ளே இழுக்கும் மின்சாரத்தின் அளவு; வெளியே கிடைக்கும் வேலை ஏறக்குறைய அதில் பாதி, அதாவது அரைக் குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்ளலாம். அதே அரைக் குதிரைத்திறனில் ஒரு தண்ணீர் மோட்டார் வாங்கினால் ஏழெட்டுக் கிலோவாவது இருக்கும். கிரைண்டர் மட்டும் எப்படி இவ்வளவு இளைத்தது?

திறன் என்பது முறுக்கு விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. முறுக்கு விசை வேண்டுமென்றால் இரும்பும் தாமிரமும் நிறைய வேண்டும், எடை கூடும். வேகம் அப்படியல்ல, எடையைக் கூட்டாமலே கூட்டலாம். அதனால் சின்ன உடம்பில் பெரிய திறன் வேண்டுமென்றால் கன்னாபின்னாவென்று சுற்றவிட வேண்டும். தண்ணீர் மோட்டாரால் அது முடியாது. அது இண்டக்‌ஷன் மோட்டார், மின்வாரியம் அனுப்பும் அதிர்வெண்ணுக்கு அடிமை. நம் நாட்டில் நொடிக்கு 50 சுழற்சி, நிமிடத்துக்கு 3,000. என்ன செய்தாலும் அந்த மோட்டார் 3,000 சுற்றைத் தாண்டாது. கிரைண்டரின் வீலோ நிமிடத்துக்கு 11,000 சுற்று. அந்த வீலுக்கும் ஆர்மேச்சருக்கும் நடுவே வேகத்தை ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைக்கும் கியர் ஒன்று இருக்கிறது. ஆக ஆர்மேச்சர் சுற்றுவது நிமிடத்துக்குச் சுமார் 33,000. நொடிக்கு 550.

இந்த இரண்டு குலமும் நம் சமையலறையிலேயே அக்கம்பக்கத்தில் குடியிருக்கின்றன. 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர், பின்னாளில் அந்த ஊரின் பெயரிலேயே புவிசார் குறியீடு பெற்றது. அதில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். நிதானமாக, மணிக்கணக்கில், சத்தமில்லாமல் ஓடும். பக்கத்திலேயே இருக்கும் மிக்ஸி கிரைண்டிங் மிஷினின் உடன்பிறப்பு. அதே வகை மோட்டார், அதே கீச்சொலி, நிமிடத்துக்கு 18,000, 20,000 என்ற வேகம். சட்னி கெட்டியாகிச் சிக்கிக்கொண்டால் வருகிற வாடையும் அதேதான். இந்த வகைக்கு யுனிவர்சல் மோட்டார் என்று பெயர். நேர்மின்சாரம், மாறுமின்சாரம் எதைக் கொடுத்தாலும் ஓடும்.

முன்பக்கத்து நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, இரண்டு பக்கக் கார்பனையும் எடுத்துவிட்டு, கியர் ஹெட்டைப் பிடித்து இழுத்தால் பெரும்பாலான மிஷின்களில் ஆர்மேச்சரும் கூடவே வந்துவிடும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. முன்நுனியில் சாய்ந்த பல்வெட்டு கொண்ட சின்னப் பல்சக்கரம், அடுத்து பேரிங், அடுத்து காற்றாடி. நடுவில் 36 மில்லிமீட்டர் விட்டத்தில் ஓர் இரும்பு உருளை. உருளையின் நீளவாக்கில் காடிகள், பட்டறைச் சொல்லில் சிலாட். எண்ணினால் அனேகமாக 12 இருக்கும். அந்தக் காடிகளுக்குள் எனாமல் பூசிய தாமிரக் கம்பி சுருள் சுருளாக அடைந்து கிடக்கிறது. பின்பக்கம் பளபளப்பான செப்பு வளையம். வளையம் என்று தோன்றினாலும் அது ஒரே துண்டல்ல. ஒன்றையொன்று தொடாத 24 அல்லது 36 செப்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கியது. இதுதான் கம்முட்டேட்டர், பாடப்புத்தகத்தின் திசைமாற்றி. வால்நுனியில் இன்னொரு பேரிங். அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பில் இடக்கை விதி படித்தவர்களுக்கு மற்றது தெரியும். காந்தப்புலத்துக்கு நடுவே மின்னோட்டம் பாயும் கம்பியை வைத்தால் அதன்மேல் ஒரு விசை. கிரைண்டரில் அந்தப் புலத்தை உண்டாக்குவது உடலோடு நிலையாக நிற்கும் இரண்டு ஃபீல்டு காயில்கள். ஒன்று வடதுருவம் என்றால் எதிரே தென்துருவம். ஆர்மேச்சரின் ஒரு பக்கத்துக் கம்பிகள் மேலே தள்ளப்படும். மறுபக்கத்தில் மின்னோட்டம் எதிர்த்திசையில் பாய்வதால் அவை கீழே தள்ளப்படும். தண்டு திரும்பும்.

பாடப்புத்தகம் இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. காடிக்குள் புதைந்த கம்பியின் மீது காந்தப்புலம் அதிகம் படுவதே இல்லை. புலம் இரும்பை விரும்பும். காடிகளுக்கு இடையே நிற்கும் இரும்புப் பற்கள் வழியாகத்தான் பெரும்பகுதி போகும். ஆகவே தள்ளும் விசையையும் பெரும்பாலும் அந்தப் பற்களே வாங்கிக்கொள்கின்றன. மொத்த முறுக்கு விசை கம்பியின் மீதே வேலை செய்வதாக வைத்துப் போடும் கணக்கோடு ஒத்துப்போகும், ஆனால் கம்பி அந்த உதையிலிருந்து தப்பித்துவிடும். அந்த அடி முழுக்க எனாமல் கம்பிமேல் விழுந்திருந்தால் எந்த ஆர்மேச்சரும் ஒரு மாதம் தாங்காது என்றே நினைக்கிறேன்.

தண்டு அரைச்சுற்று திரும்பியதும் ஒரு சிக்கல். மேலே தள்ளப்பட்ட கம்பி மறுபக்கத்துக்குப் போய்விட்டது. அங்கேயும் மின்னோட்டம் பழைய திசையிலேயே பாய்ந்தால் அது பின்னோக்கித் தள்ளும்; தண்டு ஆடி நின்றுவிடும். அரைச்சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சுருளிலும் மின்னோட்டத்தைத் திருப்பிப் போட வேண்டும். இந்த வேலைக்கு முதல் யோசனை சொன்னவர் ஆந்த்ரே மரீ ஆம்பியர். 1832-இல் பாரிசில் இப்போலித் பிக்ஸி கையால் சுற்றும் மின்னாக்கி ஒன்றைச் செய்தார். அதிலிருந்து திசை மாறி மாறி வந்த மின்சாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அன்று யாருக்கும் தெரியவில்லை. ஆம்பியரின் யோசனைப்படி திசையைத் திருப்பும் அமைப்பு, அதாவது கம்முட்டேட்டர், சேர்ந்தது. காரைக்கால் அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்தது. 1739-இல் கைக்கு வந்த இடம், நடுவே ஆங்கிலேயர் பிடுங்கிப் பிடுங்கித் திருப்பிக் கொடுத்த இடம். மின்மோட்டாரின் ஆரம்ப வரலாற்றைப் புரட்டினால் பாரிசுப் பெயர்களாகவே வரும்: ஆம்பியர், பிக்ஸி, ஃபூக்கோ, அங்கே குடியேறி வேலை பார்த்த பெல்ஜியக்காரர் கிராம். அந்த மின்சாரத்தின் வெளிச்சம் குடியேற்ற நாட்டு வயற்காடுகளுக்கு எட்ட நெடுங்காலம் ஆயிற்று என்பது வேறு கதை.

இன்றைய மிஷினில் மின்னோட்டம் போகும் வழி இது: பிளக்கிலிருந்து சுவிட்ச், அங்கிருந்து ஒரு ஃபீல்டு காயில், பிறகு கம்முட்டேட்டரை உரசி நிற்கும் ஒரு கார்பன், கம்முட்டேட்டர், ஆர்மேச்சர் சுருள்கள், மறுபடி கம்முட்டேட்டர், மறு கார்பன், மற்றொரு ஃபீல்டு காயில், பிளக். எல்லாம் ஒரே தொடர். ஆர்மேச்சரில் பாயும் அதே மின்னோட்டம்தான் ஃபீல்டிலும் பாய்கிறது. வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை திசை மாறுகிறதே, மோட்டார் முன்னும் பின்னும் ஆடாதா? ஆடாது. ஆர்மேச்சரில் திசை மாறும் அதே கணத்தில் ஃபீல்டிலும் மாறிவிடுகிறது. வடதுருவம் தென்துருவமாகும்போது கம்பியின் மின்னோட்டமும் தலைகீழாகும். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ். தள்ளு ஒரே திசையில்தான். ஆனால் ஒரே சீராக இல்லை, நொடிக்கு நூறு துடிப்பாக. கை அதை உணராது, ஆர்மேச்சரின் வேகமே அதைச் சமன்செய்துவிடும்.

இதுவரை சொன்னது தண்டு ஏன் சுற்றுகிறது என்பது. எந்த வேகத்தில் சுற்றுகிறது, ஏன் அதற்குமேல் போவதில்லை, நிறுத்திப் பிடித்தால் ஏன் எரிகிறது என்பதற்கெல்லாம் இன்னொரு உண்மையைப் பார்க்க வேண்டும். என் கணக்கில் மோட்டாரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான சங்கதி இதுதான்: சுற்றுகிற மோட்டார் அதே நேரத்தில் ஒரு மின்னாக்கியும்கூட.

ஃபாரடே 1831-இல் கண்டது, காந்தப்புலத்தை வெட்டிக்கொண்டு ஓடும் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும் என்பது. ஆர்மேச்சரின் கம்பிகள் புலத்துக்குள்தானே ஓடுகின்றன? யார் சுற்றிவிட்டார்கள் என்று கம்பி பார்ப்பதில்லை. கையால் சுற்றினாலும், மின்சாரமே சுற்றினாலும் அதில் மின்னழுத்தம் பிறக்கும். அது எந்தத் திசையில் என்பதை 1834-இல் லென்ஸ் சொன்னார்: உள்ளே வரும் மின்சாரத்தை எதிர்க்கும் திசையில். மோட்டாரும் மின்னாக்கியும் ஒரே சாமான் என்பது உலகத்துக்குப் பட்டவர்த்தனமானது 1873-இல், வியன்னா பொருட்காட்சியில். கிராமின் மின்னாக்கி ஒன்று ஓடிக்கொண்டிருக்க, அதன் கம்பிகளை இன்னொரு கிராம் மின்னாக்கியில் கொண்டுபோய் இணைத்தபோது இரண்டாவது இயந்திரம் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. தவறுதலாக இணைத்ததால் நடந்தது என்று ஒரு கதை உண்டு.

இதைக் கிரைண்டரில் பொருத்திப் பாருங்கள். சுவிட்ச் போட்ட கணத்தில் ஆர்மேச்சர் நிற்கிறது. எதிர் மின்னழுத்தம் சுழி. 230 வோல்ட்டைத் தடுக்க உள்ளே கம்பியின் சொந்தத் தடை சில ஓமும், சுருளின் தூண்டலால் வரும் மறிப்பும் மட்டுமே. வழக்கமாக 3 ஆம்பியர் இழுக்கும் மிஷின் அந்தக் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். ஃபீல்டும் ஆர்மேச்சரும் தொடரில் இருப்பதால் மின்னோட்டம் இரட்டித்தால் இரண்டின் பலமும் இரட்டிக்கும். முறுக்கு விசை நான்கு மடங்காகும், இரும்பு காந்தத்தால் நிரம்பும்வரை. அதுதான் உள்ளங்கையில் வெட்டிய அந்தத் திமிறல். உள்ளே தண்டு ஒரு பக்கம் திரும்ப, உடல் மறுபக்கம் திரும்பப் பார்க்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை இவ்வளவு அருகில் உணர வேறு இடம் குறைவு.

தண்டு வேகமெடுக்க எடுக்க எதிர் மின்னழுத்தம் வளரும். வெளியிலிருந்து 230 தள்ளுகிறது. உள்ளிருந்து அதை எதிர்த்துத் தள்ளுவது வளர்ந்துகொண்டே போகும். மிச்சம் இருக்கும் கொஞ்சம்தான் மின்னோட்டத்தை ஓட்டுகிறது. மின்னோட்டம் குறையும், முறுக்கு விசை குறையும். காற்றாடி, கியர், பேரிங் மூன்றும் கேட்கும் விசைக்குச் சரியாக இறங்கும் இடத்தில் வேகம் நிலைக்கும். முழு ஓட்டத்தில் வெளி அழுத்தத்தின் பெரும்பங்கை ஆர்மேச்சர் தானே பிறப்பித்து எதிர்த்துக்கொண்டிருக்கிறது. இந்த மோட்டாருக்கு இயல்பான வேகம் என்று எதுவும் கிடையாது. சுமைதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. பெரிய தொடர்ச்சுற்று மோட்டார்களைச் சுமை இல்லாமல் ஓடவிட்டால் வேகம் ஏறிக்கொண்டே போய்ச் சுருள்களே பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கிரைண்டரைக் காப்பாற்றுவது அதன் காற்றாடியும் கியரின் உராய்வும்.

வீலை இரும்பில் வைத்து அழுத்தினால் வேகம் குறையும், எதிர் மின்னழுத்தம் குறையும், மின்னோட்டம் கூடும், முறுக்கு விசை அதன் இருபடியாகக் கூடும். யாரும் கட்டளையிடாமலே மிஷின் முக்கி வேலை செய்கிறது. நின்ற நிலையில் மிகப் பெரிய இழுவை என்ற இந்தக் குணத்துக்காகத்தான் ரயிலுக்கும் இதே குடும்பத்து மோட்டாரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1931-இல் சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடத் தொடங்கிய மின்ரயில், தொடர்ச்சுற்று மோட்டார்கள் இழுத்துப் போனதுதான்.

இப்போது வெட்டுவாயில் வீல் சிக்கி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சுவிட்சிலிருந்து விரல் எடுபடவில்லை. எதிர் மின்னழுத்தம் போய்விட்டது. காற்றாடியும் நின்றுவிட்டது. உத்தேசமாக ஒரு கணக்கு போடலாம். நின்ற நிலையில் 15 ஆம்பியர், ஆர்மேச்சரின் தடை 3 ஓம். 15-ஐ 15-ஆல் பெருக்கி 3-ஆல் பெருக்கினால் 675 வாட், முழுவதும் வெப்பம். ஆர்மேச்சரில் 60 கிராம் தாமிரம் இருந்தால் அதன் சூட்டை இந்த வெப்பம் நொடிக்கு ஏறக்குறைய 29 டிகிரி வேகத்தில் ஏற்றும். எனாமல் தாங்குவது அதன் தரத்தைப் பொறுத்து 155 அல்லது 180 டிகிரி. நாலைந்து நொடியில் அந்த எல்லை வந்துவிடும். கருகல் வாடை மூக்கில் ஏறி, என்னவென்று யோசித்து, கையை எடுப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். மின்சாரம் அதிகமானதால் எரிந்தது என்று சொல்வார்கள். சுற்றவிடாததால் எரிந்தது என்பதே சரி. கனமான வெட்டு முடிந்ததும் மிஷினை உடனே அணைக்காமல் அரை நிமிடம் சும்மா ஓடவிடும் மிஸ்திரிகள் உண்டு. அவர்கள் செய்வது சரிதான். தாமிரத்தில் தங்கியிருக்கும் வெப்பத்தை வெளியேற்ற அந்தக் காற்றாடியை விட்டால் வேறு ஆள் இல்லை.

வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகும் என்பது டெல்டாவில் மோட்டார் கொட்டகை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்: தண்ணீர் மோட்டார் கூடுதலாக மின்னோட்டம் இழுத்துச் சூடாகிப் புகையும். கிரைண்டர் வேறு மாதிரி. வயல்வரப்பில் நீள ஒயர் இழுத்து 170 வோல்ட்டில் ஓட்டினால் அது தானாகக் கூடுதல் மின்னோட்டம் இழுக்காது, மெதுவாகச் சுற்றும், அவ்வளவே. ஆபத்து வேறு வழியில் வரும். மெதுவாகச் சுற்றுவதால் காற்றாடியின் காற்று குறைகிறது. வெட்டு மந்தமாகிறதே என்று ஆள் இன்னும் அழுத்துகிறார். அழுத்தத்துக்கேற்ற மின்னோட்டம், அதற்கேற்ற வெப்பம், வெளியேற்றப் போதுமான காற்று இல்லை.

வேகத்தின் விலை இன்னொரு பக்கம் இருக்கிறது. நொடிக்கு 550 சுற்று என்றால் ஆர்மேச்சரின் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கும் பொருள் தன் எடையைப்போல் 20 ஆயிரம் மடங்குக்கு மேலான விசையில் வெளிநோக்கி இழுபடும். ஒரு கிராம் கம்பி 20 கிலோவுக்குமேல் கனக்கும். காடிக்குள் காப்புத்தாள் வைத்து, வாயில் ஆப்பு அறைந்து, மேலே வார்னிஷோ பிசினோ ஊற்றிக் கல்லாக இறுக்குவது இதற்காகத்தான். ஒரு சுருள் மயிரிழை அசைந்தாலும் எனாமல் உரசித் தேயும். கொஞ்சம் எடை ஒரு பக்கம் கூடினாலும் தொல்லை. பத்தில் ஒரு கிராம் ஏற்றத்தாழ்வு இரண்டு கிலோ விசையாக மாறி நொடிக்கு 550 முறை பேரிங்கைக் குத்தும். புது ஆர்மேச்சரின் இரும்பில் அங்கங்கே அரைவட்டமாகச் சுரண்டிய பள்ளங்கள் தெரியும். குறை என்று நினைக்க வேண்டாம். சமநிலைக்காகத் தொழிற்சாலையில் எடுத்த இரும்பு.

அந்த இரும்பும் ஒரே கட்டி அல்ல. அரை மில்லிமீட்டர் தகடுகள் எண்பதைப் போல, ஒவ்வொன்றும் காப்புப் பூச்சோடு அடுக்கியவை. காரணத்தை 1855-இல் லெயோன் ஃபூக்கோ காட்டிவிட்டார். காந்தத் துருவங்களுக்கு நடுவே செப்புத் தட்டைச் சுற்றினால் அது கனத்துப்போகும், சூடாகும். உலோகத்துக்குள்ளேயே மின்னோட்டம் சுழன்று வீணாக வெப்பமாகிறது. ஆர்மேச்சரின் இரும்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வடதுருவத்தையும் ஒருமுறை தென்துருவத்தையும் பார்க்கிறது. நொடிக்கு 50 முறை அல்ல, 550 முறை காந்தம் புரள்கிறது. இந்த இழப்பு அதிர்வெண்ணின் இருபடியாக வளரும். 11 மடங்கு வேகம், 121 மடங்கு இழப்பு. தகட்டின் கனத்துக்கும் அதே இருபடிக் கணக்கு பொருந்துவதால் மெல்லிய தகடாக அடுக்கி அதை அடக்குகிறார்கள். கட்டி இரும்பில் செய்த ஆர்மேச்சர் தன் வெப்பத்திலேயே வெந்துவிடும்.

கார்பனுக்கு வருவோம். மிஷினில் தேய்ந்தே தீர வேண்டிய பாகம் இது. 36 பட்டை கொண்ட கம்முட்டேட்டர் என்றால் ஒரு கார்பனுக்கு அடியில் நொடிக்கு ஏறக்குறைய 20,000 பட்டைகள் கடந்து போகின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு சுருளின் மின்னோட்டம் திருப்பிப் போடப்படுகிறது. சுருளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் சட்டென்று திரும்ப மறுக்கும். அந்த முரண்டுதான் காற்றோட்டத் துளை வழியே தெரியும் நீலப் பொறி. தொடக்ககால இயந்திரங்களில் செப்புக் கம்பியைத் துடைப்பம்போல் கட்டி உரசவிட்டார்கள். பொறியும் தேய்மானமும் தாங்கவில்லை. 1885-இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் கார்பனுக்குக் காப்புரிமை வாங்கினார். செப்பைவிடக் கார்பனுக்குத் தடை அதிகம். குறை என்று தோன்றும் அந்தக் குணமே பொறியை அடக்குகிறது. திரும்பும் சுருளில் வீண் மின்னோட்டம் சுற்றாமல் தடுக்கிறது.

ஒழுங்காக ஓடிய கம்முட்டேட்டர் புதுச் செப்பு நிறத்தில் இருக்காது. மெல்லிய பழுப்புப் படலம் படிந்திருக்கும். சிலர் அதை அழுக்கென்று எண்ணி எமரித் தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள். தேய்க்கக் கூடாது. செப்பு ஆக்சைடும் கிராஃபைட்டும் காற்றின் ஈரமும் சேர்ந்து போட்ட படலம் அது, அதன்மேல்தான் கார்பன் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஈரத்தின் பங்கு இரண்டாம் உலகப் போரின்போதுதான் உறைத்தது. வெகு உயரத்தில் பறந்த போர்விமானங்களின் மின்னாக்கிகளில் கார்பன்கள் சில மணி நேரத்திலேயே தூளாகிப் போயின. அங்கே காற்றில் நீராவி இல்லை. நீராவி இல்லாமல் கிராஃபைட் வழுக்காது. அந்த வகையில் காரைக்கால் கடற்கரைக் காற்று கார்பனுக்குத் தோதானது. உப்புதான் வினை. வேலையில்லாத மாதங்களில் மூலையில் கிடக்கும் மிஷினில் கார்பன் தூள், இரும்புத் தூள், உப்பு மூன்றும் ஈரத்தை இழுத்துப் படிந்து, மின்சாரம் கசியக் குறுக்குவழி போட்டுவிடும். கார்பன் கூட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஸ்பிரிங் தள்ளினாலும் கம்முட்டேட்டரை எட்டாது. செத்துப்போனது என்று தூக்கிவந்த மிஷின் கார்பனைத் தட்டி எடுத்துத் துடைத்துப் போட்டதும் ஓடிவிடுவது இதனால்தான்.

வீலைப் பற்றி இரண்டு வார்த்தை. ஜெர்மனியின் ஆக்கர்மான் உண்ட் ஷ்மிட் நிறுவனம் அதிவேக ஆங்கிள் கிரைண்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1954-இல். அதே ஆண்டு நவம்பர் 1 அன்றுதான் காரைக்கால் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, நினைவில் வைத்துக்கொள்ள வசதி. 100 மில்லிமீட்டர் வீல் 11,000 சுற்றில் சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 58 மீட்டர், மணிக்கு 200 கிலோமீட்டருக்குமேல். வீல்களுக்கு வழக்கமான உச்ச வரம்பு நொடிக்கு 80 மீட்டர். வீலை மறைத்து நிற்கும் கார்டைக் கழற்றிவிட்டு ஏழு இஞ்ச் வீலை நாலு இஞ்ச் மிஷினில் மாட்டினால் விளிம்பு 100 மீட்டரைத் தாண்டும். வீலைப் பிய்க்கும் விசை வரம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். வெடித்தால் துண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கார்டு கழற்றிய மிஷின்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

எரிந்த ஆர்மேச்சரைக் கண்டுபிடிப்பது ஒரு தனிக் கலை. எல்லா நோயும் கருகிக் காட்டாது. காயில் கட்டும் கடையில் முதலில் சீரியல் பல்பு. ஒரு முனை தண்டில், ஒரு முனை கம்முட்டேட்டரில். பல்பு எரிந்தால் காயில் பாடியில் அடித்துவிட்டது என்று அர்த்தம். எரியாவிட்டால் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளில் மீட்டரை வைத்துச் சுற்றி வருவார்கள். எல்லா இடமும் ஒரே எண் காட்ட வேண்டும். ஆனால் ஒரு சுருளுக்குள் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் மீட்டருக்கும் பிடிபடாது. அப்போது குரோலர் வரும். வி வடிவ வாய் கொண்ட மின்காந்தம். அதன் வாயில் ஆர்மேச்சரைப் படுக்கவைத்து, மேலே வந்து நிற்கும் காடியின்மீது ஒரு பழைய ஹாக்ஸா பிளேடை நீளவாக்கில் பிடித்துக்கொண்டு, ஆர்மேச்சரை மெல்லத் திருப்புவார்கள். நல்ல காடிகள் வரும்போது பிளேடு சும்மா இருக்கும். கெட்ட காடி வந்ததும் டர்ரென்று அதிரும். குரோலர் இங்கே டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுருள், ஆர்மேச்சர் இரண்டாவது. நல்ல ஆர்மேச்சரில் ஒரு பாதியில் தூண்டப்படும் அழுத்தத்தை மறுபாதி சரிக்கட்டிவிடும், மின்னோட்டம் ஓடாது. ஒட்டிக்கொண்ட சுற்றுக்குள் மட்டும் மின்னோட்டம் வட்டமடிக்கும். அதன் காந்தம் நொடிக்கு நூறு முறை பிளேடை இழுத்து விடும்.

நாலு இஞ்ச் மிஷின் ஆர்மேச்சரைக் கையால் கட்டுவது இப்போது குறைந்துவிட்டது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத கம்பியை ஒவ்வொரு காடியிலும் எண்ணி எண்ணிப் போட்டு, லெதராய்டு பேப்பர் செருகி, முனைகளைப் பட்டை மாறாமல் கொக்கியில் மாட்டி, வார்னிஷில் முக்கிச் சூட்டில் உலர்த்தி எடுத்தாலும் சமநிலை தொழிற்சாலை அளவுக்கு வருவது அபூர்வம். புது ஆர்மேச்சரே வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். பேட்டரியில் ஓடும் புதுவகை மிஷின்கள் பலவற்றில் கம்முட்டேட்டரும் கார்பனும் இல்லவே இல்லை. காந்தம் தண்டிலும் சுருள்கள் உடலிலுமாக இடம் மாறிவிட்டன, திசை திருப்பும் வேலையை மின்னணுப் பலகை பார்த்துக்கொள்கிறது.

கட்டியதோ, வாங்கியதோ, மாட்டி முடித்த ஆர்மேச்சரை நேரே மின்சாரத்தில் விடக் கூடாது. 200 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டுச் சுவிட்சைத் தள்ளுங்கள். முதலில் பல்பு நன்றாக எரியும். ஆர்மேச்சர் இன்னும் நிற்கிறது, அழுத்தம் பெரும்பாலும் பல்புக்கே. தண்டு அசைந்து வேகமெடுக்க எடுக்கப் பல்பின் வெளிச்சம் இறங்கும். எதிர் மின்னழுத்தம் வளர்வதைக் கண்ணால் பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. தண்டு திரும்பாமல், பல்பும் இறங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் மறுபடி ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டியதுதான்.